குவாரிக்கு ஒரு கரண்டி

ஐம்பது கிலோ தாங்குமா என்று கேட்டார் வந்தவர்.

தாமோதரன் அரத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

நகரியில் அப்பாவின் விசைத்தறிக் கொட்டகை வாசலில், லீவு நாளெல்லாம் உட்கார்ந்து தூண்டிலுக்குப் போலி மீன் செய்கிறவன் அவன். கேன்டீன் கரண்டியின் காம்பை வெட்டி எறிவான். கிண்ணத்தில் ஓட்டை போட்டு மூன்று முள் கோப்பான். வாலுக்குத் தறியில் மிஞ்சிய சரிகை. தண்ணீருக்குள் இழுத்தால் அடிபட்ட குஞ்சுமீன் மாதிரியே துடிக்கும். அவன் வேலை பார்க்கும் ஸ்ரீசிட்டி கம்பெனியின் கேன்டீனில் கரண்டி குறைவதற்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

யூட்யூபில் அவனை நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள். மூன்று வருஷத்தில் அவர்களில் ஒருவர்கூட உருப்படியாக ஒரு கேள்வி கேட்டதில்லை. 'என்ன கேமரா ப்ரோ?' என்பார்கள்.

இந்த மனிதர் எடை கேட்கிறார். ஆழம் கேட்கிறார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார்.

நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. வலது உள்ளங்கையில் கயிறு அறுத்த காயம், இன்னும் ஆறவில்லை.

ஒரு பழைய குவாரியாம். திங்கட்கிழமை காலையில் மோட்டார் வைத்து மொத்தத் தண்ணீரையும் இறைக்கப்போகிறார்களாம். அதற்குள் மேலே எடுத்தாக வேண்டும். இன்றைக்கே ஞாயிறு.

எந்தக் குவாரி என்று தாமோதரன் கேட்கவில்லை. தூண்டில்காரனிடம் இடத்தைக் கேட்பது, அடுத்தவர் மனைவியின் வயதைக் கேட்பது மாதிரி.

"தண்ணிக்குள்ள இருக்கிற வரிக்கும் வெயிட்டே தெரியாதுண்ணா. மேல தூக்குறப்போதான் அது இன்னா வெயிட்டுன்னு தெரியும்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அடியில் கோடு வேறு போட்டார்.

தாமோதரனுக்குத் தலைகால் புரியவில்லை. நூற்றிருபது பவுண்டு தாங்கும் பின்னல் தூண்டில் நரம்பை எடுத்துக் கொடுத்தான். ராடில் மாட்டி இழுத்தால் ராடு உடையும், அது சும்மா கையில் இருக்கட்டும், நரம்பைக் கட்டையில் சுற்றிச் சுற்றி இழுங்கள் என்றான். கையில் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னான். இரண்டு கரண்டியை ஒன்றாகக் கோத்து, நடுவில் ஈயம் வைத்தான். நேராக அடிக்குப் போகும், அங்கே இங்கே அலையாது.

பாசியிலும் குப்பையிலும் சிக்காமல் இருக்க, முள்ளுக்கு முன்னால் பிரேக் கேபிளில் உருவிய கம்பி ஒன்றை வளைத்து வைத்திருந்தான். அது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்கென்றே தனி வீடியோ போட்டிருக்கிறான்.

வந்தவர் அந்தக் கம்பியை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"இத்த எடுத்துடு தம்பி. கோணில குத்துனா மாட்டிக்கணும்."

குவாரி அடியில் பழைய கோணி கிடக்கும்தான். பெரிய மீன் அதன் கீழேதான் ஒண்டும். கோணியையே இழுத்து மீனைக் கிளப்புகிற ஆளைத் தாமோதரன் இன்றுதான் பார்க்கிறான். இவரல்லவா ஆள் என்று நினைத்துக்கொண்டு, கட்டிங் பிளேயரால் கம்பியைக் கத்தரித்தான். முள் மூன்றையும் இன்னொரு தடவை அரத்தில் தீட்டினான். நகத்தில் வைத்துப் பார்த்தான். வழுக்கவில்லை, நின்றது.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியில் கயிறு கட்டி இரண்டு நாள் போட்டுப் பார்த்தாராம். போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று என்ன தேடுகிறாய் என்கிறானாம்.

"தூண்டின்னா ஒருத்தனும் கேக்க மாட்டான், இல்ல?"

வாஸ்தவம். தாமோதரன் நாள்பூரா ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பான். உயிரோடு இருக்கிறானா என்றுகூட யாரும் கேட்டதில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். டீ வந்தது, குடித்தார்கள். சந்தேகம் வந்தால் கேட்க அவன் வாட்ஸாப் நம்பரை வாங்கிக்கொண்டு, அவர் பைக்கை எடுத்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு, ஊர்க்காரர்கள் குரூப்பில் யாரோ ஒரு படத்தை ஃபார்வர்டு செய்திருந்தார்கள். அந்தக் குரூப்பில் காலையில் சாமி படம் வரும், மத்தியானம் 'காணவில்லை' அறிவிப்பு வரும்.

அலர்மேல்மங்கை, வயது முப்பத்துநான்கு, கங்காதர நெல்லூர். வியாழக்கிழமை காலை கணவரே கொண்டுபோய்த் திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம். அப்புறம் தகவல் இல்லை. திருப்பதியில் இருக்கிற அன்பர்கள் பஸ் ஸ்டாண்ட், சத்திரம், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்துச் சொல்லும்படி கணவர் ஆதிகேசவன் கண்ணீரோடு கேட்டுக்கொள்கிறார்.

தனியாக எடுத்த படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கல்யாண ஃபோட்டோவையே போட்டிருந்தார்கள்.

தாமோதரன் பெண்ணைப் பார்த்தான். பக்கத்தில் மாலையோடு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தான். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். தலைமுடி கொஞ்சம் அதிகம். மற்றபடி காலையில் இதே பலகையில் உட்கார்ந்து டீ குடித்த முகம்தான்.

கொட்டகைக்குள் தறி ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே போய் அப்பாவைக் கூப்பிடலாம் என்று எழுந்தான்.

அதற்குள் ஃபோன் அதிர்ந்தது. புது நம்பர். பழக்கதோஷம், விரல் திறந்துவிட்டது.

'பெருசு மாட்டிக்கிச்சு தம்பி. கரை வரிக்கும் வந்துடுச்சு. ஒத்த ஆளா தூக்க முடியல. வண்டி எடுத்துக்கினு வரியா? இங்க வேற யாரும் இல்ல.'

அவன் கேன்சல் எங்கே என்று தேடினான். படித்ததைப் படிக்காததாக்க ஃபோனில் பொத்தான் கிடையாது. அந்தப் பக்கம் இந்நேரம் நீல டிக் விழுந்திருக்கும்.

மேலே, பச்சை எழுத்தில், அவர் அடுத்ததை டைப் செய்துகொண்டிருந்தார்.