வெண்ணெய் வாசனை

புனேயில், வாகட்டில் பாமாவின் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் வியாழக்கிழமையே அந்த பாட்டில் வந்துவிட்டது. கணவன் சுப்ரமணியனின் மேனேஜர் ராமநாதன் கொடுத்தனுப்பியது. ஆபீஸ் செலவில் வாங்கிய ஆஸ்திரேலிய சார்டனே ஒயின். லேபிளின் குறுக்கே "அன்புடன், ராமநாதன்" என்று தடித்த பேனாவில் கையெழுத்து வேறு.

"சனிக்கிழமை மத்தியானம் லண்டன் க்ளையண்டோட சார் நம்மாத்துல சாப்பிட வரார். அதுவரைக்கும் அதைத் தொடாதே. என் ப்ரமோஷன் அவர் கையில இருக்கு," என்று சொல்லிவிட்டு சுப்ரமணியன் ஹிஞ்சேவாடி ஆபீஸ் கேபில் ஏறினான்.

வெள்ளிக்கிழமை மதியம் எதிர் ஃப்ளாட் லலிதா உறைமோர் கேட்டு வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்ததும் அவள் கண் வேறெங்கோ போயிற்று.

"ஒரே ஒரு ஸ்பூன், பாமா. எப்படி இருக்குன்னு பாப்போம்."

திருகு மூடி தொட்டதும் கழன்றது. ஸ்பூன், டம்ளர் ஆயிற்று. "அன்னாசிப்பழம் மாதிரி இருக்குடி," என்று லலிதா சப்புக் கொட்டினாள். நாலு மணிக்குப் பாட்டிலில் லேபிள்தான் மிச்சம்.

பாமாவுக்கு அழுகை வந்தது. லலிதாவுக்கு யோசனை வந்தது.

"கையெழுத்துப் போட்ட பாட்டில் பத்திரமா இருக்கு. உள்ளே வேற ஊத்திட்டா யாருக்குத் தெரியும்?"

ஒயின் கடைக்காரர் ராகவேந்திரா, விலை குறைந்த நாசிக் சார்டனேயைக் காட்டிய பாமாவிடம் இந்தியில் பொறுமையாக விளக்கினார். வெயில் ஊரில் திராட்சை நன்றாகப் பழுத்துவிடும். நாசிக்கோ ஆஸ்திரேலியாவோ, மாம்பழம், அன்னாசி வாசனை தூக்கலாக இருக்கும். ஆனால் இந்த நாசிக் சரக்கு ஸ்டீல் டாங்கில் இருந்தது. போட்டோவில் நீங்கள் காட்டும் ஆஸ்திரேலியா சரக்கோ ஓக் பீப்பாயில் இருந்தது. வெண்ணெயும் வெனிலாவும் சேர்ந்து வரும். குடித்துப் பழகியவர் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார்.

லண்டன்காரரை நினைத்துக்கொண்டு பாமா ஆஸ்திரேலியாவையே வாங்கினாள். பட்டுப்புடவை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போயிற்று. வீட்டுக்கு வந்து, புனல் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் கையெழுத்துப் பாட்டிலுக்குள் மாற்றினாள்.

சனிக்கிழமை. வாழையிலையில் அவியல் பரிமாறியாகிவிட்டது. க்ளையண்ட் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"பழுத்த மாம்பழம். வெண்ணெய். கடைசியில் லேசாக வெனிலா. ராமநாதன், அருமையான பீப்பாய்ச் சரக்கு."

ராமநாதன் முகம் வெளுத்தது. தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். கையெழுத்தைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். ஏசி ஓடும்போதே நெற்றி வியர்த்தது.

பாமா அப்பளத் தட்டைக் கீழே வைத்தாள். மாற்றி ஊற்றியதைக் கண்டுபிடித்துவிட்டாரா?

"இந்த பாட்டிலை வேற யாராவது தொட்டாளாம்மா?"

"இல்லை சார். வெச்ச எடத்துலயே இருந்தது."

"ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்," என்று அவர் பால்கனிக்குப் போனார்.

எச்.ஆருக்குத்தான் பேசப் போகிறார் என்று பாமாவுக்குத் தோன்றியது. அவள் செய்த திருட்டுக்குக் கணவனின் வேலை போகக்கூடாது. உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று பின்னாலேயே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. ராமநாதன் தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கோதை, ஆபீஸ் பாட்டில்ல நாம நாசிக் சரக்கை மாத்தி ஊத்தினதுல ஏதோ குளறுபடி ஆயிடுத்து. ஆஸ்திரேலியா சரக்கு இங்கேயே வந்துடுத்து. அப்போ நம்மாத்துல நாம எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கறது நாசிக் சரக்குதான். சாயங்காலம் வர்றவாளுக்கு அதைக் கொடுத்து மானம் போக வேண்டாம்.

மொத்தத்தையும் சிங்க்ல கொட்டிடு."