பயிற்சி தேவை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. பாதி நடந்ததாகவும், மீதி நான் பிறகு சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

ஆனால் அன்று காலை பள்ளிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனது நிச்சயம். பயத்தில் அல்ல. குஷியில்.

பள்ளிக்கு நாங்கள் இருவர் புதிய நூலகர்களாக வந்திருந்தோம். எங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்துப் போக மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார். தெரியாதவர்களுக்குத் தலைநகரில் மூன்று மாதப் பயிற்சி. அங்கேயே தங்க வேண்டும். உத்தரவு வந்தால் மறுக்க முடியாது.

அந்த 'மறுக்க முடியாது' என்பதற்காகவே நான் தேறாமல் போவது என்று முடிவு செய்திருந்தேன்.

நானாகக் கேட்டால் வீட்டில் விடமாட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன் என்று அறையின் உள்தாழ்ப்பாளையே கழற்றி வைத்தவர் என் கணவர்.

மாமியார் மட்டும் ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஆர்டர்னு வந்துட்டா நாம என்னம்மா பண்ண முடியும்? போய்த்தானே ஆகணும்."

இன்னொரு நூலகர் விசில் சார். விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். முட்டி போனதால் புத்தகங்களிடம் அனுப்பப்பட்டவர். அவர் மனைவிக்குப் பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் எப்படியாவது தேறியாக வேண்டும். அதனால் ஒரு வாரமாக அவருக்கு நான்தான் வாத்தியார்.

"நீங்க சொல்லிக்குடுத்ததையே நீங்க தப்புத் தப்பா சொல்லப் போறீங்க டீச்சர். எனக்குச் சிரிப்பு வந்துட்டா?"

"விசில வாயில அடைச்சுக்குங்க சார்."

அவர் வியர்த்துக் கொட்டித் தேறினார். அடுத்தது நான்.

"இந்த அலமாரிய எப்படி அடுக்குவீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"கலர் கலரா, மேடம். பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்."

"அட்டை கிழிஞ்ச புத்தகம்?"

"தூக்கிப் போட்டுருவேன்."

சொல்லிவிட்டு, மேசையிலிருந்த பசைப் புட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். விசில் சார் ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்க இருமினார்.

கிரகங்களைப் பற்றி ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்கச் சொல்லி அதிகாரி ஒரு பையனை அனுப்பினார். அவன் கையில் அகராதியைக் கொடுத்தேன். "இதுல எல்லாமே இருக்குப்பா."

அதிகாரி பேனாவை மூடினார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு மௌனம் எப்போதும் பிடிக்கும். ஆனால் அவ்வளவு ருசியான மௌனத்தை நான் அனுபவித்ததில்லை.

"உங்களுக்கு ரொம்பவே பயிற்சி வேணும்மா. ஆபீசுக்குப் போய் எழுதி அனுப்பறேன்."

அவர் படியிறங்கினார். விசில் சார் மனைவிக்குப் போன் செய்ய ஓடினார், முட்டி வலியையும் மறந்து. நான் தனியாக இரண்டு அலமாரிகளுக்கு நடுவே நின்று, சத்தம் வராமல் குதித்தேன்.

அப்போதுதான் அந்தச் சிறுமி வந்தாள். அவளை யாரும் அனுப்பவில்லை. கதவு திறந்திருந்தது, வந்துவிட்டாள்.

"மிஸ், கடைசில சாகாத நாய்க் கதை இருக்கா?"

"ஏன் கண்ணு?"

"நாலு புக் படிச்சுட்டேன். எல்லாத்துலயும் நாய் செத்துடுது. எழுதறவங்களுக்கு நாய்னாலே ஆகாதா?"

நான் யோசிக்கவில்லை. கை தானாகவே மூன்றாவது அலமாரிக்குப் போனது. கீழ்த்தட்டு, இடது ஓரம், மெல்லிய புத்தகம். தரையில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள்.

"மொதல்ல கடைசிப் பக்கத்தப் பாத்துடலாமா?"

பார்த்தோம். கட்டிலுக்கு அடியில் நாய் கண்மூடிக் கிடந்தது.

அவள் முகம் வாடியது. "இது தூங்குதா, இல்ல..."

"குறட்டை விடுது. எழுதியே இருக்கு பாரு."

ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் படித்தாள். பிறகு பெரிதாக மூச்சு விட்டாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தபோது அதன் முதுகு பிரிந்திருப்பதைக் கவனித்தேன். வாங்கிப் பசை தடவி, ரப்பர் பட்டை மாட்டினேன். "ராத்திரி வரைக்கும் கழட்டாதே. அப்புறம் படி."

அவள் ஓடினாள்.

நிமிர்ந்தேன். கதவருகே அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. என் மூன்று மாதமும் அந்தக் கதவு வழியாக வெளியே போவதைப் பார்த்தேன்.

"குடைய விட்டுட்டுப் போயிட்டேன்" என்றார். மெதுவாக வந்து குடையை எடுத்தார். மூன்றாவது அலமாரியைப் பார்த்தார். பசைப் புட்டியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"கண்ணாடி இல்லன்னா எனக்கு எதிர்ல நடக்கறதுகூடத் தெரியாதும்மா. வயசாயிடுச்சு."

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. அப்படித்தான் எனக்கு ஞாபகம்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. பயிற்சி தேவை. மாமியார் அதை என் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

விசில் சாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. நூலகத்தை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார், விசில் இல்லாமல். அந்தச் சிறுமி நாய்ப் புத்தகத்தைத் திருப்பித் தரவே இல்லை என்று போனில் புலம்புவார். அதிகாரி ஓய்வுபெற்றுவிட்டார். என் கணவர் அதே வீட்டில் இருக்கிறார்.

மூன்று மாதத்துக்கென்று போன நான் திரும்பவில்லை. என்னை அழைத்துவர மாமியாரை அனுப்பினார்கள். அவரும் திரும்பவில்லை.