கித்தானுக்கு வெளியே

பூந்தமல்லி டூரிங் கொட்டகைக்கு வெளியே மணலில் தன் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துவிட்டு வேம்புலி உள்ளே போகிறான். "இங்கியே குந்திகினு இருங்க. நல்ல படந்தானான்னு நைனா மொதல்ல பாத்துட்டு வந்து இட்டுகினு போறேன்." அவன் பெண்சாதி பட்டணத்து ஆஸ்பத்திரியில் படுத்துப் பதினோரு நாளாகிறது. அம்மா எப்போ வரும் என்று கேட்டுக் கேட்டு அழுகிற பிள்ளைகள் கொஞ்ச நேரமாவது சிரிக்க வேண்டும்; படத்தில் எது வேண்டுமானாலும் வரட்டும், சாவு மட்டும் வரக்கூடாது. டிக்கெட் கிழிப்பவர் விஷயத்தைக் கேட்டு இரக்கப்பட்டு அவனை ஓரமாக நிற்க விடுகிறார். படம் ஓட்டும் எஞ்சின் தடதடக்கிறது. திரையில் இரண்டு பேர் ஒரு பூசணிக்காயைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுகிறார்கள். தரை டிக்கெட் முழுவதும் சிரிக்கிறது. வேம்புலியும் சிரித்துக்கொண்டே பிள்ளைகளைக் கூப்பிடத் திரும்புகிறான். அதற்குள் திரையில் ஒரு கட்டில். அதில் ஒருத்தி இருமுகிறாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி புருஷனிடம் சொல்கிறாள், தலை சாய்கிறது. "அம்மா! அம்மா!" என்று ஒரு குழந்தை அலறுகிறது. பெண்கள் பக்கத்தில் மூக்கைச் சிந்துகிறார்கள். வேம்புலி துண்டை வாயில் அழுத்திக்கொள்கிறான். நல்ல வேளை, பிள்ளைகள் இதைப் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, படுதாவை விலக்கி வெளியே வருகிறான். "படம் ஒண்ணும் நல்லால்ல, ஊட்டுக்குப் போலாம்" என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நிற்கிறான். கொட்டகைக்குச் சுவர் இல்லை, வெறும் கித்தான்தான். உள்ளே அலறும் குழந்தையின் குரல் இங்கேயும் அப்படியே கேட்கிறது. ஒன்பது வயது நாகம்மா கண்கொட்டாமல் அவனைப் பார்க்கிறாள். அவள் மடியில் தம்பி வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறான். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் அவன் காதுகளை இறுகப் பொத்தியிருக்கின்றன.