அம்மாக்களுக்கு அனுமதி இல்லை

"சீக்கிரம் சொல்லுங்க சார். அவன் வண்டியை நிறுத்திட்டு வந்துடுவான்."

மூச்சு வாங்க ஓடி வந்த அந்த அம்மா, கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினாள். அதில் கல்லூரிப் பதிவு எண். உதவித்தொகை கிடைத்துவிட்டதா, இல்லையா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். கிடைத்திருந்தால் இன்று ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். தவறினால் அடுத்தவருக்குப் போய்விடுமாம். படிப்பே அதை நம்பித்தான் இருக்கிறதாம்.

உதவித்தொகைப் பிரிவின் கண்காணிப்பாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நரை ஓடிய தலை. ஒரு பக்கக் காம்பில் டேப் சுற்றிய மூக்குக்கண்ணாடி. அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைக்குத் தெரியாமல் வேவு பார்க்க வந்த அம்மா.

கல்லூரியில் அவருக்கு 'மைக் செட்' என்று பட்டப்பெயர். போன வருஷம் ஒரு மாணவியின் அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்பதை, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார். அந்தப் பெண் மறுநாளே படிப்பை விட்டாள். நிர்வாகம் இவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது. அங்கே பாதி நேரம் தூங்கி, மீதி நேரம் டீ குடித்து, ஒரு சான்றிதழோடு திரும்பினார். அது இப்போது அவர் தலைக்கு மேல் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. கூடவே, அவர் கணினித் திரையில் மாணவர்களின் பெயர், வயது, படம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டார்கள். அவற்றைத் திறக்க மேலதிகாரியின் கடவுச்சொல் வேண்டும். தன்மேல் யாருக்கும் நம்பிக்கையில்லை என்பதன் அடையாளம் அது என்று அவருக்கு இன்றுவரை உறைக்கவில்லை.

"மேல தொங்குதே, அது என்னன்னு தெரியுதா?" என்றார். "மாணவர் விவரத்தை மாணவர்கிட்ட மட்டும்தான் சொல்லணும். பெத்தவங்க பணம் கட்டினாலும் சரி, கண்ணீர் விட்டாலும் சரி, கிடையாது."

"சார், அது வந்து..."

"வந்தும் கிடையாது, போயும் கிடையாது. காலேஜ் வரைக்கும் வந்தாச்சு, இன்னும் முந்தானையிலயே முடிஞ்சு வெச்சுக்கணுமா?"

கதவு திறந்தது. விரலில் கார் சாவி சுழல, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் உள்ளே வந்தான்.

"மருந்துக் கடைக்குன்னுதானே இறங்கினே? இங்க என்னம்மா பண்றே?"

அவள் முகம் வெளுத்தது. ஒன்றுமில்லை, சும்மாதான் என்று முணுமுணுத்தபடி சீட்டை எடுக்கக் கை நீட்டினாள். மைக் செட் முந்திக்கொண்டார். அவர் உள்ளங்கை சப்பென்று சீட்டின் மேல் விழுந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ் நாய்க்குக்கூட அத்தனை பெருமிதம் இருக்காது.

"நல்ல நேரத்துல வந்தீங்க தம்பி. உதவித்தொகை விவரத்தை நோண்டிட்டிருந்தாங்க. நான் மூச்சு விடலையே."

இளைஞன் அம்மாவைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். சாவி சுழல்வது நின்றது.

"என்கிட்ட சொல்லுங்க."

"வேண்டாம் சார், சொல்லாதீங்க" என்றாள் அவள்.

"நீங்க வெளியில நில்லுங்கம்மா."

அவரே எழுந்து வந்து அவளை வாசலுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். அடுத்து அடையாள அட்டை கேட்க வேண்டும். அதுதான் முதல் விதி. ஆனால் அட்டை எல்லாம் ஆளைத் தெரியாதவர்களுக்கு. வருஷக்கணக்காகக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியாதா?

எண்ணைத் தட்டினார். முழுக் கட்டணமும் கிடைத்திருந்தது. கேட்டபடி விடுதியில் தனி அறையும். கையெழுத்து மட்டும் பாக்கி என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னார். பழைய பழக்கம் எங்கே போகும், திரையின் அடியில் இருந்த குறிப்பையும் ராகம் போட்டு வாசித்தார்.

"'வீட்டில் தெரியக் கூடாது. தெரிந்தால் என்னைப் படிக்க விடமாட்டார்கள்.' சரியாத்தான் எழுதியிருக்கு தம்பி. இப்பத்தான் கண்ணால பார்த்தேனே."

இளைஞன் சாவியைப் பைக்குள் போட்டான்.

"கையெழுத்துப் போடலைன்னா?"

"அஞ்சு மணியோட அடுத்த ஆளுக்குப் போயிடும். இப்பவே போட்டுடுங்களேன்."

"இல்ல சார், இது போதும். ரொம்ப உபகாரம்."

வெளியே அவன் அம்மாவின் முழங்கையைப் பிடித்து, வீட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லி நடத்திக்கொண்டு போவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மைக் செட் விரலை ஆட்டி எச்சரித்தார்.

ஐந்து மணி தாண்டியதும் மேலதிகாரி அம்மையார் வந்தார். மைக் செட் காத்திருந்தவர்போல எழுந்து, ஒரு மாணவனை அவன் அம்மாவிடமிருந்து காப்பாற்றிய வீரக்கதையைச் சொன்னார். அம்மையார் பாராட்டவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இந்த நம்பரா? கையெழுத்து வரலையேன்னு மத்தியானத்துலேர்ந்து தவிச்சுட்டிருக்கேன். நுழைவுத் தேர்வுல முதல் மார்க். வந்தவங்ககிட்ட அட்டை பார்த்தீங்களா?"

"அட்டை எதுக்கு மேடம்? ஆளைப் பார்த்தா தெரியாதா?"

அம்மையார் குனிந்து தன் கடவுச்சொல்லைத் தட்டினார்.

மாணவரின் படம் திறந்தது. ஒரு பக்கக் காம்பில் டேப் சுற்றிய மூக்குக்கண்ணாடி வழியாக அந்த அம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.