முடிவுக் கோடு

இப்போதெல்லாம் எதைக் காட்டினாலும் ஜனங்கள் கைதட்டிவிடுகிறார்கள்.

உலக விளையாட்டு விருது விழா. திரையில், முதலாவதாக ஓடியவன் திரும்பி வந்து, சுருண்டு விழுந்த போட்டியாளனைத் தோளில் போட்டுக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டினான்.

பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைத்தாள். "தங்கத்தையே விட்டுட்டான், என்ன மனசு! நீங்க தட்டலையா பெரியவரே?"

"டாக்டர் கூடாரம் பின்னாடி பத்தடியில இருந்துச்சும்மா. இவன் எதுக்கு முன்னாடி தூக்கிட்டு ஓடினான்?"

"உங்களுக்கு எதுலயும் குறைதான்."

"விருதை வழங்க, அன்று மைதானத்திலேயே உயிரிழந்த வீரரின் தந்தையை அழைக்கிறோம்" என்றார்கள்.

நான் எழுந்தேன். அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

மேடையில், தூக்கி ஓடியவன் என் கையைப் பிடித்து அழுதான். "கோட்டைத் தாண்ட வைன்னு அவன்தாம்ப்பா கெஞ்சினான்."

விருதைக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தேன்.

பசிக்கிறது என்றுகூட வாய்விட்டுச் சொல்லாத பிள்ளை என் மகன். கெஞ்சினானாம்.