கப்பல்காரன் கத்தி

மட்டாஞ்சேரிப் பழைய இரும்புக் கடைகளில் துருப்பிடித்த கத்திகளை வாங்கிப் புதுப்பிப்பது சந்தனமாரியின் பொழுதுபோக்கு.

"பொம்பளைக்கு எதுக்குடி கத்தி?" என்று தினமும் ஏசும் கணவன் வீரபாண்டி, அன்று பளபளத்த கப்பல்காரன் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டான்.

"உன்னைக் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொன்னானாமே உன் அண்ணன் பிச்சை? அவனைக் குத்தாம வரமாட்டேன்."

"போயிட்டு வாங்க," என்றாள்.

சாயாக்கடையில் பிச்சை பெஞ்சைத் தூக்கித் தடுத்தான். பலகையில் பட்ட கத்தி வளைந்தது. கூட்டம் சிரித்தது.

வீரபாண்டி வீட்டுக்கு வந்து அலறினான். "என்னடி செஞ்சே?"

"பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கினா இரும்பு இறுகும். சாம்பல்ல பொதைச்சு மெதுவா ஆறவிட்டா இளகிரும்; தேய்ச்சா பளபளப்பு வரும், வலு இருக்காது. ஆறவிட்டேன்."

சுவரில் தொங்கிய மற்றக் கத்திகளை நோக்கிப் பாய்ந்தான்.

"அதெல்லாமும் சாம்பல்ல ஆறினதுதான். எண்ணெயில முக்கினது ஒண்ணே ஒண்ணு," என்றாள் சந்தனமாரி. "அது என் கையில இருக்கு."