ஒரு சாண் சந்து

கடைக்காரன் கொடுத்த கண்வில்லை என் டெலஸ்கோப்பின் வாயில் உட்காரவில்லை. அளவு வேறாம். இடையில் மாட்ட ஒரு வளையம் விற்றான். மாட்டினேன். நிலா தெரிந்தது, ஆவி படிந்த கண்ணாடியில் தெரிகிற மாதிரி.

"ஒரு குழாய் சேத்தா தெளிஞ்சிடும் பெரியவரே" என்றான். அவன் பேச்சை நம்பவில்லை, குழாயை வாங்கினேன். கொஞ்சம் தெளிந்தது. பிறகு இன்னொன்று. பிறகும் ஒன்று. "கையால முறுக்கினாப் போதும்" என்றான். அதையும் நம்பாமல் பைப் ரெஞ்சால் இறுக்கினேன். திருடன் தூக்கிவிடக் கூடாதென்று டெலஸ்கோப்பின் கால்களை அறைத் தரையோடு சேர்த்து சிமெண்டு பூசினேன்.

இன்று சாயங்காலம் கடைசித் துண்டை இறுக்கி முடித்தபோது, ஜன்னலில் தொடங்கிய குழாய் கதவருகே வந்துவிட்டிருந்தது. உள்பக்கம் திறக்கிற கதவு. குழாயில் இடித்து ஒரு சாண் மட்டும் திறந்து நின்றது. கழற்றப் பார்த்தேன், ஒரு துண்டும் அசையவில்லை. ஜன்னலுக்கோ கம்பி.

வெளியே என் மனைவி பவளக்கொடி தட்டினாள்.

"சோறு ஆறுது. வாங்க."

"வர முடியலடி. கடைக்காரனைக் கூப்பிடு."

"வந்துட்டான். இன்னும் ஒரே ஒரு துண்டுதானாம்."

"பொய் சொல்றான்."

"அப்ப திருப்பி அனுப்பிடவா?"

ஜன்னல் பக்கம் திரும்பினேன். கம்பிக்கு அப்பால் நிலா ஏறிக்கொண்டிருந்தது. அவள் சோற்றுத் தட்டை நீட்டினாள். அது சந்தில் நுழையவில்லை.

கடைக்காரன் நீட்டிய குழாய் நுழைந்தது.